குடல் பண்டிதரின் படிவம்

அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் குடல் இருந்தது. ஆனால் குடலைப் பற்றிப் பேசும் உரிமை மூத்தாருக்கு மட்டும்தான். மூத்தார் என்றால் அவளுடைய கணவனின் அண்ணன், பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கோப்பு புரட்டிய மனுஷனுக்கு, வேலையை விட்ட மறுமாதமே வயிற்றுக்குள் வாழும் கிருமிகளின் குடும்ப விவகாரமெல்லாம் அத்துப்படியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டு முன்னறையில் நாற்பது பேர் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்பார்கள். அவள் மனதுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் குடல் பண்டிதர்.

அவர் சொன்னதெல்லாம் பொய்யாக இருந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. காய்கறியும் பருப்பும் நிறையச் சாப்பிடு, தயிர் சேர்த்துக்கொள், சாப்பிட்டதும் கொஞ்சம் நட என்பதைத்தான் அவள் கணவனின் சர்க்கரை நோய்க்கு டாக்டரும் சொன்னார், மாத்திரையோடு சேர்த்து. பண்டிதர் அந்த மாத்திரையை மட்டும் லாகவமாகக் கழற்றிவிட்டார். "மாத்திரை உள்ள போனா நல்ல கிருமியெல்லாம் செத்துரும்டா. குடல் சரியானா சர்க்கரை தானா இறங்கும்" என்று தம்பியிடம் சொல்லி, முட்டைக்கோஸ் ஊறிப் புளித்த நீரை ஜாடி ஜாடியாகக் கொடுத்தனுப்பினார்.

தம்பிக்கு அண்ணன் வாக்கு வேதவாக்கு. அன்றோடு மாத்திரை நின்றது.

அவள் கணவன் கண்ணாடிக் கடையில் லென்ஸை உரசிச் சட்டத்தில் பொருத்துகிறவன். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிறவனுக்குத் தன் பார்வை மங்கியது. முதலில் விளக்கைக் குறை சொன்னான், பிறகு இயந்திரத்தை. ஒரே வாரத்தில் இரண்டு லென்ஸை அளவு தப்பி வெட்டியதும் முதலாளியே அவனைக் கண் மருத்துவரிடம் இழுத்துப்போனார். விழித்திரையில் ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பித்துவிட்டன, சர்க்கரையை உடனே அடக்காவிட்டால் கண் போய்விடும் என்றார் மருத்துவர்.

"இப்பவாவது மாத்திரையப் போடுங்க" என்றாள் அவள்.

"அண்ணன் இன்னும் ஒரு மாசம் பொறுக்கச் சொல்லியிருக்காரு."

"நான் பதினேழு வருஷமா சுகர் பேஷண்டுக்கு ரத்தம் எடுக்கறேன். எனக்குத் தெரியாதா?"

"ஊசி குத்தறது வேற, விஷயம் தெரிஞ்சிருக்கறது வேற" என்று சொல்லிவிட்டு அவன் ஜாடியைத் திறந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது அவளுக்கு.

அவள் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்துக்கு ஊரின் மறுகோடியில் ஒரு கிளை இருந்தது. அங்கே ஒரு பெண் விடுப்பில் போனதால் ஒரு வாரம் அவளை அனுப்பினார்கள். மூன்றாம் நாள் காலை, வெறும் வயிற்றோடு வந்தவர்களின் வரிசையில் ஐந்தாவதாக ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார். அவள் தொப்பியும் முகக்கவசமும் போட்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவேயில்லை. அலுவலகத்தில் முப்பது வருஷம் எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்காமலே பழகியவர்.

அவள் படிவத்தைப் பார்த்தாள். ஊசி குத்தும் முன் வாசித்துச் சரிபார்ப்பது வழக்கம். 'சர்க்கரை நோய்: ஒன்பது ஆண்டுகள். இப்போது எடுக்கும் மருந்துகள்: காலை ஒரு மாத்திரை, இரவு ஒரு மாத்திரை. இதுவரை தவறவிட்டதில்லை.' தலைமை எழுத்தரின் முத்து முத்தான கையெழுத்து.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. சாக்கடையை எட்டிப் பார்த்தவள்போல் முகம் சுளித்தாள். ரத்தம் எடுத்து முடித்துப் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"கையை மடக்கி வச்சுக்கோங்க மாமா."

அவர் நிமிர்ந்தார். முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது.

"நீ எங்கம்மா இங்க?"

"இந்த வாரம் இங்கதான்."

"இத... அவன்கிட்ட..."

"சொல்ல மாட்டேன். இங்க பாத்தது வெளிய போகக் கூடாது, அது எங்க வேல." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அவருக்குக் கண்ணு போயிட்டிருக்கு மாமா. நீங்க மறக்காம ரெண்டு வேளையும் முழுங்கிட்டு, கூடப் பொறந்தவர நிறுத்தச் சொல்லியிருக்கீங்க."

"நாப்பது பேர் என்னை நம்பி வர்றாங்கம்மா. இப்ப மாத்திச் சொன்னா என் மரியாத என்னத்துக்காகும்?"

"இன்னைக்கு சாயங்காலம் வந்து அவர மாத்திரை போடச் சொல்லுங்க" என்றவள், அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

சாயங்காலம் வந்தார். சட்டை மாற்றி, தலை வாரி, ஜம்மென்று வந்தார். மன்னிப்புக் கேட்கிற முகமாக இல்லை அது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"தம்பி, மூணு மாசத்துல உன் குடல் நல்லா பக்குவப்பட்டிருக்கு. நல்ல கிருமி வேணுங்கற அளவு பெருகியாச்சு. இனிமே மாத்திரை போட்டா அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது, மருந்தும் முழுசா ஒடம்புல சேரும். இதுக்காகத்தான் காத்திருந்தேன். இன்னைக்கே ஆரம்பி. காலைல டாக்டரையும் பாத்துரு."

அவள் சமையலறை வாசலில் நின்று கேட்டாள். ஒரே வாக்கியத்தில் அவர் மானத்தைக் கப்பலேற்றியிருக்கலாம். ஏற்றினால் கணவன் அண்ணன் பக்கம் நின்று சண்டை போடுவான், மாத்திரை மறுபடி அலமாரிக்குள் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்தாள்.

கணவன் மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்கத் தடுமாறினான், கண் சரியாகத் தெரியவில்லை. அவளே பிரித்து உள்ளங்கையில் வைத்தாள். பக்தியோடு விழுங்கினான்.

"பாத்தியா? எதுக்கும் ஒரு நேரம் இருக்கு. நீயும்தான் மூணு மாசமா காட்டுக் கத்தல் கத்துன. அன்னைக்கே உன் பேச்சக் கேட்டிருந்தா என் குடல் என்னாயிருக்கும்?"

மூத்தார் பெருந்தன்மையோடு, "அவளுக்கு என்னடா தெரியும், பாவம்" என்றார்.

மூத்தார்மேல் இத்தனை நாள் சேர்த்துவைத்திருந்த வெறுப்பு அந்த நொடியில் அவளுக்குக் காணாமல் போயிற்று. ஏமாற்றுகிறவன் ஏதோ தன் மரியாதைக்காக ஏமாற்றுகிறான். அந்த வெறுப்பு மொத்தமும் கட்டின புருஷன்மேல் வந்து உட்கார்ந்தது. இனி அவனுக்குக் கண் நன்றாகத் தெரிந்தாலும் அது இறங்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"இன்னும் ஒரு மடக்குத் தண்ணி குடிங்க" என்றாள்.