பின்சீற்றில் அக்சிலேற்றர்

கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலை மூடப்பட்டபோது புஸ்பராணிக்கு ஐம்பத்தைந்து வயது. இருபத்தொரு வருடம் அங்கே தைத்தவள். தைத்து முடித்த உறைகள் பெட்டிகளில் அடுக்கப்பட்டு லொறியில் ஏறிப் போய்விடும். அவை எந்தக் காரில் மாட்டப்படுகின்றன, யார் அதில் ஏறி உட்காருகிறார்கள் என்பது ஒருநாளும் அவளுக்குத் தெரிய வந்ததில்லை. கடைசி நாள் வேலை முடிந்து வந்து, தேத்தண்ணி குடித்தபடி கணவர் தம்பிமுத்துவிடம் சொன்னாள்.

“ஒரு காருக்கெண்டாலும் முழு சீற்றையும் நானே தைச்சு, நானே ஏறி இருந்து ஓடிப் பாக்கவேணும் அப்பா.”

தம்பிமுத்து அதைப் பகிடி என்று நினைத்தார். அடுத்த வசந்தத்தில், ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கு அப்பால் ஒரு பண்ணைக் கொட்டிலிலிருந்து இழுத்துவரப்பட்ட கார் ஒன்று, கனடாவில் ரூஜ் என்ற இடத்தில் உள்ள அவர்களுடைய வீட்டு வாசலில் வந்து இறங்கியபோதுதான் அவருக்கு விளங்கியது.

1967ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன். ஆமை ஓட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்குமே, அந்த வகை. கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். ஆனால் கூரைத் துணி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. இருக்கைகளுக்குள் எலிகள் பல தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியிருந்தன. இயந்திரம் பின்பக்கத்தில் இருந்தது. அதைக்கூட அறியாமல் தம்பிமுத்து முன்பக்க மூடியைத் திறந்து பார்த்து, “ராணி, உதுக்கு எஞ்சினே இல்லை!” என்று கத்தினார்.

அன்று பின்னேரமே றொனால்ட் அண்ணை வந்துவிட்டார். அதே தொழிற்சாலையில் இயந்திரங்களைத் திருத்துகிறவராக இருந்தவர். புஸ்பராணி கனடாவுக்கு வந்த புதிதில் வேலைப் பரீட்சைக்கு உட்கார்ந்து, பயத்தில் மூன்று ஊசிகளை அடுத்தடுத்து முறித்தாள். “பிழை இந்தப் பிள்ளையிலை இல்லை, மெசினிலைதான்” என்று மேலாளரிடம் சொல்லி, அவளை வேறு இயந்திரத்தில் உட்கார வைத்தவர் அவர்தான். முதல் இயந்திரத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அதன்பிறகு இரண்டு குளிர்காலம், மோர்னிங்சைட் பஸ் தரிப்பிடத்தில் பனிக்குள் நின்றவளைத் தன்னுடைய காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு நாளும் பிந்தியதில்லை. நன்றி சொன்னால், “நான் போற வழிதானே தங்கச்சி” என்பார். அது அவர் போகிற வழியே இல்லை என்பது அவளுக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

காரை ஓட வைக்க இரண்டு வருடம் ஆனது. றொனால்ட் அண்ணை சனிக்கிழமைகளில் வந்தார். அவருக்கும் இந்தக் கார் புதிதுதான். இரண்டு பேருமாகப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் கழற்றினார்கள், பூட்டினார்கள், பிழையாகப் பூட்டியதைத் திரும்பக் கழற்றினார்கள். வால்வுகளின் இடைவெளியை இயந்திரம் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும் என்பதால் புஸ்பராணி காலையில் கோப்பி குடிக்குமுன் காருக்குக் கீழே போய்விடுவாள். இருக்கைகளைப் பழைய உறையின் அளவை எடுத்துத் தானே தைத்தாள். கூரைத் துணியை மூன்று முறை தைத்து மூன்று முறை பிரித்தாள். நான்காவது முறை அது ஒரு சுருக்கமும் இல்லாமல் இழுபட்டு நின்றபோது, கராஜில் தனியாக நின்று கை தட்டினாள்.

தம்பிமுத்து பள்ளிக்கூடம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறவர். எதிலும் கவனமானவர். அந்தக் காரில் ஏறும்போதெல்லாம் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்றைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி இருப்பார். பெற்றோல் மணக்கிறது என்பார். ஆனால் அவள் எங்கே போனாலும் கூடப் போவார்.

மூன்றாவது கோடையில் றொனால்ட் அண்ணையின் மகள் ஷரோன் வந்து கேட்டாள். அவளுக்கும் றொய்சனுக்கும் செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமை கலியாணம். நயாகராப் பக்கம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னத் தேவாலயம். விருந்து, நாலு கிலோமீற்றர் தள்ளி ஒரு வைன் தோட்டத்தில்.

“அன்ரி, சேர்ச்சிலை இருந்து நாங்கள் உங்கடை காரிலைதான் போகவேணும். ப்ளீஸ். லிமோசின் எல்லாம் வேண்டாமெண்டு அப்பாட்டைச் சொல்லிட்டன்.”

புஸ்பராணி ஓம் என்றாள். அந்த வீட்டுக்குத் தன்னால் செய்யக்கூடிய ஒன்றை இருபத்தைந்து வருடத்தில் முதல்முறையாகக் கேட்டிருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் அவளுக்கு இரண்டு நாள் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

காரை மினுக்கினாள். எண்ணெய் மாற்றினாள், பிரேக் பார்த்தாள், ரயர் பார்த்தாள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். அக்சிலேற்றர் மிதியிலிருந்து பின்னால் இயந்திரம்வரை ஓடுகிற கேபிள் பழையது. மே மாதமே புதியது வாங்கிவிட்டாள். மாற்றுவதென்றால் காரை உயர்த்தி அடியில் படுத்து, கண்ணால் பார்க்க முடியாத ஒரு குழாய்க்குள் அதைச் செலுத்த வேண்டும். இன்னும் கொஞ்சக் காலம் இழுக்கும் என்று நினைத்தாள். புதிய கேபிள் கராஜ் தட்டில், பிரிக்காத பையிலேயே இருந்தது.

கலியாண நாள் காலையில் ரூஜிலிருந்து புறப்பட்டார்கள். ஹமில்ற்றன் தாண்டி, பெருந்தெருவை விட்டிறங்கி, சின்னத் தெருவுக்கு வந்ததும் கூரையை மடித்துவிட்டாள். இரண்டு பக்கமும் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக ஓடின. அறுவடைக் காலம். பழுத்த பழத்தின் புளித்த இனிப்பு வாசனை காற்றில் நின்றது.

“எவ்வளவு முந்திரிகை, பாருங்கோப்பா!” என்று திராட்சைக் குலைகளைக் காட்டினாள்.

“நீர் ரோட்டைப் பாரும்,” என்றார் தம்பிமுத்து.

அடுத்த வளைவில் அக்சிலேற்றர் மிதி சத்தமில்லாமல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. திரும்ப எழும்பவில்லை. இயந்திரம் நிற்கவில்லை, ஆனால் உறுமவும் இல்லை. அவள் காரை ஓரத்துக்கு உருட்டி நிறுத்தி, இறங்கிப்போய்ப் பின்மூடியைத் திறந்தாள். பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. பட்டுச் சேலையோடு அப்படியே புல்லில் உட்கார்ந்தாள்.

“கேபிள் அறுந்துபோச்சு. புதுசு வீட்டை கிடக்கு. நான்தான் மாத்தேல்லை. சோம்பேறித்தனம். வேறை ஒண்டுமில்லை.”

இழுவை வண்டிக்காரர்கள் இரண்டு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். திருமணத் திருப்பலி தொடங்க ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. தம்பிமுத்து சொல்லப்போகிறார், இந்தக் காரை நம்ப முடியாது என்று மூன்று வருடமாகச் சொல்லிவருவதை இப்போது சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் அவளுடைய சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

“எழும்பும் ராணி. நாலு வரிசைக்கு அங்காலை ஆக்கள் நிக்கினம். கேட்டுப் பாப்பம்.”

கேட்கப் போகத் தேவை இருக்கவில்லை. பழம் பறித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், இறப்பர் சப்பாத்தும் தொப்பியுமாக, கொடிகளுக்கிடையால் ஓடியே வந்தார். நாற்பது வயதிருக்கும். காரைப் பார்த்து, “வோச்சோ! வோச்சோ!” என்று கூவினார். மெக்சிக்கோவில் இந்தக் காருக்கு அதுதான் செல்லப்பெயராம். பெயர் செலஸ்தீனோ. ஒவ்வொரு வருடமும் அறுவடை வேலைக்கு இங்கே வருகிறவர். தன் தகப்பன் இருபது வருடம் வோச்சோ டாக்சி ஓட்டியவர் என்பதைத் துண்டு துண்டான ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இயந்திரத்துக்குள் தலையை விட்டார்.

அறுந்த கேபிள் நுனியைப் பார்த்ததும் சிரித்தார். ஓடிப்போய், கொடிகளைக் கட்டுகிற மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றோடு வந்தார். கம்பியின் ஒரு நுனியைக் காபரேற்றரின் நெம்புகோலில் முறுக்கினார். மற்ற நுனியை, பின்மூடியில் காற்றுக்காக விட்டிருக்கும் வெட்டொன்றுக்குள்ளால் வெளியே எடுத்து, மடித்த கூரைக்கு மேலால் பின் இருக்கைக்குக் கொண்டுவந்து, ஒரு தடித்துண்டில் சுற்றிக் கைபிடி ஆக்கினார். இழுத்துக் காட்டினார். இயந்திரம் உறுமியது. விட்டார். அடங்கியது.

பிறகு தம்பிமுத்துவை மேலும் கீழும் பார்த்து, விரலால் சுட்டினார்.

“யூ. காஸ்.” அக்சிலேற்றர் இனி அவருடைய கையில்.

தம்பிமுத்து தன் வாழ்நாளில் இவ்வளவு பெரிய பொறுப்பு எதையும் விரும்பி ஏற்றவரல்ல. ஆனால் ஏறி, பின் இருக்கையின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தடியைப் பிடித்தார். புஸ்பராணி கிளச்சை மிதித்தாள்.

“இழுங்கோ!”

இழுத்தார். கார் குதிரைபோலத் துள்ளி நின்றுவிட்டது. செலஸ்தீனோவோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் தெருவுக்கு வந்து கைகொட்டிச் சிரித்தார்கள்.

“மெல்ல இழுங்கோப்பா, தேர் இழுக்கிற மாதிரி இழுக்காதேங்கோ!”

“நீர் கிளச்சை மெல்ல விடும் முதல்!”

மூன்றாவது முறை கார் ஒழுங்காக நகர்ந்தது. அவள் “விடுங்கோ” என்று கியர் மாற்றுவாள், “ம்” என்பாள், அவர் இழுப்பார். ஒரு மைல் போவதற்குள் அவள் வாய் திறக்கத் தேவையில்லாமல் போயிற்று. கிளச்சுக்காக அவளுடைய தோள் அசைவதைப் பார்த்தே அவர் விட்டார், பிடித்தார். முப்பத்திநாலு வருடத் தாம்பத்தியத்தில் ஒரு சாமான் பட்டியலைக்கூட வாக்குவாதம் இல்லாமல் எழுதாதவர்கள். கண்ணாடியில் பார்த்தாள். காற்றில் மயிர் பறக்க, தம்பிமுத்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் காரில் அவர் சிரித்து அவள் பார்த்ததேயில்லை.

திருப்பலி தொடங்கிப் பத்து நிமிடம் பிந்திப் போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்தார்கள். முடிந்து எல்லோரும் வெளியே வந்ததும் புஸ்பராணி மணமகளிடம் போனாள்.

“பிள்ளை, குறை நினையாதை. கார் பழுதாப்போச்சு. கம்பியிலைதான் ஓடி வந்தனாங்கள். நீங்கள் வேறை காரிலை போங்கோ.”

ஷரோன் வெள்ளை உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தாள். கம்பியைப் பார்த்தாள். தடியைப் பார்த்தாள்.

“நோ வே, அன்ரி. நான் இதிலைதான் போவன். றொய்சன், யூ ஆர் புல்லிங்.”

தேவாலய வாசலில் வைத்துத் தம்பிமுத்து மாப்பிள்ளைக்குப் பாடம் எடுத்தார். முன் இருக்கையில் பின்னால் திரும்பி முழங்காலில் நின்றுகொண்டு, “அவசரப்படாதையும் தம்பி. அன்ரியின்ரை தோளைப் பாரும். தோள் சொல்லும்,” என்றார். நூற்றைம்பது பேர் பார்த்து நிற்க, முதல் தடவையிலேயே கார் நகர்ந்தது. மணமகளின் முக்காடு காற்றில் எழும்பி றொய்சனின் முகத்தை மூட, அவன் கண் தெரியாமலே இழுத்தான். ஷரோன்தான் “பிடி! விடு!” என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பின்னால் வந்த கார்களெல்லாம் ஹோர்ன் அடித்தன. தோட்டங்களில் நின்றவர்கள் கை காட்டினார்கள்.

விருந்தில் றொனால்ட் அண்ணை புஸ்பராணியைத் தேடி வந்தார். கோட்டுப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“தங்கச்சி, தாய் இல்லாத பிள்ளை. தாயை நினைச்சு ரெண்டு மாசமா முகம் வாடித் திரிஞ்சவள், இண்டைக்குத்தான் இப்பிடிச் சிரிக்கிறாள். பெரிய உபகாரம்.”

புஸ்பராணி மூன்று ஊசி, இரண்டு குளிர்காலம் என்று எதையோ சொல்ல வெளிக்கிட்டாள். பாதியில் விட்டாள்.

“நாங்கள் வாற வழிதானே அண்ணை,” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்து இரண்டு முறை ஆட்டிவிட்டு, விருந்தினரைக் கவனிக்கப் போனார்.

அடுத்த ஞாயிறுக்குள் புதிய கேபிளைப் பூட்டிவிட்டாள். அடியில் படுத்தவளுக்கு விளக்குப் பிடித்தவர் தம்பிமுத்து. அந்த ஞாயிறு மத்தியானம் நாற்பது மீன் கட்லெற்றும் நாற்பது றோல்ஸும் பெட்டியில் போட்டுக்கொண்டு, இருவரும் அதே தோட்டத்துக்குப் போனார்கள். வேலையில்லாத நாள். தொழிலாளர்கள் தங்கியிருந்த வீட்டு முற்றத்தில் உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. செலஸ்தீனோ சவரம் செய்த முகத்தோடு வெளியே வந்தார். ஒரு றோல்ஸைக் கடித்து, உறைப்பு ஏறக் கண்ணை மூடி, தன்னுடைய மொழியில் மற்றவர்களைக் கூப்பிட்டார். பெட்டி பத்து நிமிடத்தில் காலியானது.

புஸ்பராணி காரின் திறப்பை, அந்தச் சின்னச் சாவியை, அவரிடம் நீட்டினாள்.

அவர் முதலில் விளங்காமல் நின்றார். பிறகு கைகளைக் காற்சட்டையில் துடைத்தார். ஏறி உட்கார்ந்து, இருக்கையின் தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “யார் செய்தது?” என்று கேட்டார்.

“நான்தான்,” என்றாள்.

செலஸ்தீனோ மெக்சிக்கோவில் இருக்கும் தன் மனைவியைத் தொலைபேசியில் காணொளியில் அழைத்து, அதைத் தம்பிமுத்துவின் கையில் கொடுத்து அவரைப் பக்கத்து இருக்கையில் இருத்தினார். திரையில் அந்தப் பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். புஸ்பராணி பின்னால் ஏறினாள். கார் கொடிகளுக்கிடையிலிருந்த மண் பாதையில் இறங்கியது. செலஸ்தீனோ சின்னக் குரலில் ஏதோ பாடத் தொடங்க, தொலைபேசிக்குள் இருந்த மனைவியும் சேர்ந்து பாடினாள். தம்பிமுத்து அவள் எல்லாவற்றையும் பார்க்கட்டும் என்று தொலைபேசியைக் கவனமாக உயர்த்தி, வலப்பக்கமும் இடப்பக்கமும் மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

பாதை முடியும் இடத்தில் செலஸ்தீனோ காரை நிறுத்தி, திறப்பை எடுக்கப்போனார்.

“இன்னொரு ரவுண்ட்,” என்றாள் புஸ்பராணி, பின் இருக்கையில் நன்றாகச் சாய்ந்தபடி.