தேருக்கு ஒரு சேர்வர்

போன வருஷம் அம்மன் தேர் தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனுக்கு வந்த நேரம் பூரணி பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குடத்தோடு ஓடி வருவதற்குள் தேர் அவள் வாசலைக் கடந்து போய்விட்டது. அர்ச்சனைத் தட்டு வாங்காமல் போன அம்மனைக்கூடப் பூரணி மன்னித்துவிட்டாள். தேரோடு நடந்து வந்தும் ஒரு வார்த்தை சொல்லியனுப்பாத அண்ணி வேலாயியைத்தான் மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

நடுவில் கிடந்து அல்லாடியது வேலாயியின் மகள் கிருஷாந்தி. ஹட்டனில் கம்ப்யூட்டர் படித்தவள்; அத்தை பூரணி ஊட்டிவிட்ட சோற்றில் வளர்ந்தவள்.

"இந்த வருஷம் தேரு எங்க வருதுன்னு ஒங்க போனே சொல்லும் அத்தை" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"சொல்லட்டும். சொல்லலைன்னா ஒங்கம்மா வாசல இந்த ஜென்மத்துல மிதிக்க மாட்டேன்" என்றாள் பூரணி. அவள் செய்யக்கூடியவள்தான்.

பூசாரியின் போன் தேர் நிற்கும் இடத்தை அனுப்பும். அதை வாங்கி, கேட்கிற போனுக்கெல்லாம் சொல்ல ஒரு ஏபிஐ சேர்வர். சோறு, கறி, சம்பல் எல்லாம் வைத்துக் கட்டின பார்சல் மாதிரி, அதற்கு வேண்டிய சகலத்தையும் ஒரு கண்டெய்னருக்குள் கட்டினாள் கிருஷாந்தி. சிங்கப்பூரில் எங்கேயோ இருக்கிற கிளவுட் மெஷினில் ஏற்றினாள். கண்டவனும் நுழையாமல் ஃபயர்வோலைப் பூட்டினாள். ராகு காலம் கழித்து, எலுமிச்சம்பழம் வெட்டித்தான் ஓடவிட்டாள். சிரிக்காதீர்கள், அம்மன் காரியமாயிற்றே!

பிறகு தன் வீடு இருக்கும் லயத்து வரிசையில் வீடு வீடாகப் போய்ச் சோதித்தாள். ஒரு போன் பாக்கியில்லாமல், தேர் இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி ஜோராக நின்றது. கோயில் தலைவர் சிவசாமிகூட, "பரவாயில்லையே புள்ள" என்றார்.

திருவிழாவன்று தேர் கோயிலிலிருந்து இறங்கி கிருஷாந்தியின் லயத்துக்கு வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துக் கீழ் டிவிசனிலிருந்து அத்தை மகள் பிரேமினி வட்ஸ்அப்பில் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க ஒருத்தர் போன்லயும் ஒண்ணுமே காட்டலக்கா. அம்மா தட்ட உள்ள கொண்டு வச்சிட்டாங்க."

"இங்க எல்லாருக்கும் காட்டுதேடி!" கிருஷாந்தி அக்கம்பக்கத்தாரைப் பார்த்தாள். "எல்லாரும் டேட்டா போட்டுத்தானே பாக்குறீங்க?"

லயமே சிரித்தது. "நல்லாருக்கே கத! ஒன் வைஃபை இருக்கையில எவ டேட்டா போடுவா?"

"அடிப் பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள் கிருஷாந்தி. லயத்துக்கே அவள் வீட்டு வைஃபை ஒன்றுதான். பாஸ்வேர்ட் பால்குடிக்குக்கூட மனப்பாடம். ஃபயர்வோலைப் பூட்டியபோது பூசாரி போனுக்கும் தன் வீட்டு இணைப்புக்கும் மட்டும் வழிவிட்டவள், பிறகு ஊருக்குத் திறக்க மறந்திருந்தாள். இத்தனை பேரும் அந்த வீட்டு வழியாகத்தான் புகுந்திருக்கிறார்கள். இவளோ ஊரையே சோதித்துவிட்டதாக நினைத்துவிட்டாள்.

திறப்பது பெரிய வேலையில்லை. ஆனால் திறக்குமுன் கிளவுட்காரன் எஸ்எம்எஸ்ஸில் ஒரு நம்பர் அனுப்புவான். அது வந்து சேர சிக்னல் வேண்டும். லயத்தில் சிக்னல் வந்து வந்து போகும்; நிச்சயமாகக் கிடைக்க, மேலே இருக்கும் தண்ணீர்த் தாங்கிக்கு ஏற வேண்டும். தேரோ அடுத்துப் போவது கீழ் டிவிசனுக்கு.

"அம்மா, தேரக் கொஞ்சம் நிறுத்தி வைங்க! அத்தை போன்ல காட்டல!"

"அவளுக்குக் காட்டாட்டி எனக்கென்ன?" என்றாள் வேலாயி. சொன்ன கையோடு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தேருக்கு முன்னால் போய் நின்றாள். "பூசாரி, அர்ச்சன பண்ணணும். ஒவ்வொரு பேரா சொல்றேன்."

கிருஷாந்தி லெப்டொப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினாள். நம்பர் வந்தது. ஃபயர்வோல் திறந்தது. அம்மாவின் குரல் தாங்கிவரைக்கும் கேட்டது: "பூரணி, மக நட்சத்திரம். பிரேமினி, பூச நட்சத்திரம்..." எனக்கென்ன என்றவள் நாத்தனார் வீட்டில் ஒருத்தரையும் விடவில்லை. கிருஷாந்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"காட்டுதுக்கா!" என்று போனில் கத்தினாள் பிரேமினி.

வந்த சந்தோஷத்தில் அம்மாவை நிறுத்தச் சொல்ல கிருஷாந்தி மறந்துபோனாள். வேலாயி சளைக்கிற ஆளா? லயத்துப் பேரெல்லாம் முடிந்து, கொழும்பில் வேலை செய்கிறவர்கள் பேரும் முடிந்தது. "கிருஷாந்தியோட சேர்வர்" என்றாள்.

"அதுக்கு என்ன நட்சத்திரம்?" பூசாரிக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"ஓடவிட்ட அன்னிக்கு என்ன நட்சத்திரமோ அதப் போடுங்க."

"வேலாயி! அம்மன் இன்னிக்குப் போறதா, இல்ல ஒன் வீட்டுலயே தங்கிறதா?" என்று சத்தம் போட்டார் சிவசாமி.

அப்போது தேயிலைக்குள்ளிருந்து குறுக்குப் பாதையில் பூரணி ஏறி வந்தாள். காலில் செருப்பில்லை. கையில் தட்டில்லை, போன் மட்டுந்தான். மூச்சிரைக்க நேரே வந்து வேலாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, ஒங்களுக்கு ஒண்ணுமில்லையே?"

"எனக்கென்னடி?"

"தேரு ஒங்க வாசல்லயே நிக்குது, அசையவே மாட்டேங்குது. ஒங்களுக்கு வேற பிரஷர். மயங்கிக் கியங்கி விழுந்துட்டீங்களோன்னு..." அதற்கு மேல் பேச முடியாமல் ஓவென்று அழுதுவிட்டாள்.

"கூறு கெட்டவளே, ஒனக்காகத்தாண்டி நிறுத்தி வச்சேன்" என்று வேலாயியும் அழுதாள்.

சிவசாமி தொண்டையைச் செருமினார். "அப்ப தேரு போகலாமா?"

"இருங்க தலைவரே" என்றாள் வேலாயி. "இவ ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டு வரட்டும்."

அம்மன் காத்திருந்தாள்.