நாற்பத்தொன்றாம் எண் கல்

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து வந்தவர்கள் பள்ளிக்கூட வராந்தாவில் மேப்பை விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு தண்ணீர் பாட்டிலை வைத்தார்கள். காற்று இல்லை. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஊரில் காற்று வந்தால் குப்பைமேட்டையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வரும்.

விஷயம் இதுதான். ஊருக்கு வடக்கே இருக்கும் மேய்க்கால் புறம்போக்கில் பாதியைக் குப்பைக் கிடங்குக்கு விட்டுவிட வேண்டும். அதற்குப் பதிலாக ஆறு கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்குப் பின்னால் அதே அளவு அரசாங்க நிலம் ஊருக்கு வரும். இடத்துக்கு இடம். அந்த மாற்று நிலத்தை ஊர்க்காரர்கள் போய்ப் பார்த்திருந்தார்கள். ஐப்பசியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். வேண்டாம் என்று கிருமாம்பாக்கத்தில் இரண்டு முறை பஸ்ஸை மறித்தார்கள். இரண்டாவது முறை போலீஸிடம் அடியும் வாங்கினார்கள். கடைசியில் எல்லாம் அடங்கி, ஒரே ஒரு கேள்வி மட்டும் மிச்சம் நின்றது. பாதி என்றால் எதுவரைக்கும்?

"கல்லு வரிக்கும்," என்றான் ராஜ்மோகன். நாலு ஏக்கர் கரும்பு வைத்திருப்பவன். ஊருக்காக எங்கேயும் பேசப் போகிறவன் அவன்தான். "கல்லுக்கு வடக்க நீங்க இன்னா வேணா கொட்டிக்கோங்க. தெக்க ஒரு பிடி மண்ணத் தொடக்கூடாது."

கல் என்றால் வேப்பமரத்தடியில் நிற்கும் கல். பிரெஞ்சுக்காரன் காலத்தில் அளந்து நட்டது, தலையில் 41 என்று வெட்டியிருக்கும். ஊருக்கு அது எல்லைச்சாமி. வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு மஞ்சள் பூசி விளக்கேற்றுகிறவர் கண்ணையன். மாடு மேய்த்துப் பிழைக்கும் அந்த மனுஷருக்குத் திருவிழாவில் முதல் தேங்காய் மூடி வருவது அதனால்தான்.

அவர் அன்று தூணோரமாக உட்கார்ந்திருந்தார்.

சர்வேயர் கணேஷ்குமார் மேப்பிலிருந்து தலையைத் தூக்கினான். "அண்ணே, ஒரு நிமிஷம். கல்லுக்கும் மேப்புக்கும் அறுவது மீட்டர் வித்தியாசம் வருது."

"வரும் சார். ஏன் வராது? மேப்பு உங்க பீரோவுல தூங்குது. நடுவுல எந்திரிச்சி எங்கனா நடந்திருக்கும்."

வராந்தா சிரித்தது.

"எந்தப் பக்கம்னு சொல்லிடறேன்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வாணாம் சார். மேப்பு உங்க கையில இருக்குது. கல்லு எங்க ஊர்ல நிக்குது. அது எங்கயும் நடக்காது. கல்லத்தான் எழுதணும்."

மேப்புக்கு மறுபுறம் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரி ஒரு கணம் அதையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கல்லுன்னே எழுதிடுங்க கணேஷ். ஊர் ஆசைப்படுது."

கண்ணையன் எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே இருந்தபோது கையெழுத்துத் தாள் அவர் மடிக்கு வந்துவிட்டது. மூன்றாவது பெயர் அவருடையது. சாமிக்கு விளக்கேற்றுகிறவர் ஆயிற்றே, முன்னால்தான் வைத்திருந்தார்கள்.

கல் நடந்திருந்தது. நடத்தியவர் அவர்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், மாசி மகத்தன்று. ஊர் மொத்தமும் சாமியைத் தூக்கிக்கொண்டு பன்னித்திட்டுக் கடலுக்குப் போயிருந்தது. ஒரு மாடு வரவில்லை என்று தேடிக்கொண்டு அவர் மட்டும் வடக்கே போனார். வேலிக்காத்தான் புதருக்குள், குப்பைமேட்டின் ஓரத்தில், அந்தக் கல்லை ஒரு லாரி இடித்துத் தள்ளியிருந்தது. கறுப்புத் தண்ணீரில் குப்புறக் கிடந்தது. புதருக்குள் அப்படி ஒரு கல் நிற்பதே மாடு மேய்க்கிற அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. தினமும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மாட்டை அவிழ்த்து விடுவார். பெற்றவரை எவனோ சாக்கடையில் தள்ளியது போல இருந்தது அவருக்கு.

மாட்டு வண்டியில் ஏற்றி, குட்டையில் நாலு முறை கழுவி, தெற்கே வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்து குழி வெட்டி நட்டார். எல்லைக்கல்லை நகர்த்தினால் ஜெயில் என்று கேள்விப்பட்டிருந்தார். அதனால் கடலிலிருந்து திரும்பி வந்தவர்களிடம், "இங்கதான் பாம்புப் புத்த வெட்டனன், உள்ள சாமி இருந்துச்சி" என்று சொன்னார். ஈர வேட்டியோடு வந்த ஊர் அப்படியே அதைக் கும்பிட்டது. பிறகு எப்போது உண்மையைச் சொல்வது? முதல் வெள்ளிக்கிழமை தாண்டியபோதே காலம் கடந்துவிட்டது.

ஐந்து வருஷம் கழித்து அவர் மகள் வெண்ணிலா காய்ச்சலில் செத்துப்போனாள். ஏழு வயது. சின்னப் பிள்ளைகளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. சாமி பார்த்துக்கொள்ளும் என்று, அந்தக் கல்லுக்கு வடக்கே முப்பது அடி தள்ளி அவர்தான் குழி வெட்டினார். தலைமாட்டில் ஒரு நொச்சிச் செடி வைத்தார். இப்போது அது அவர் உயரம்.

கல்லுக்கு வடக்கே இன்னா வேணா கொட்டிக்கோங்க.

இரண்டு மாதம் கண்ணையன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆபீஸ் காரியம், இழுத்துக்கொண்டே போகும், நின்றும் போகலாம் என்று இருந்தார். அது நிற்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் மனைவி தனக்கொடி மாட்டை ஓட்டிக்கொண்டு போனவள் மாடில்லாமல் திரும்பி வந்தாள்.

"பாப்பா காலண்ட செவப்புக் கொடி நட்டு வெச்சிருக்கானுங்க. இன்னாய்யா இது?"

அவர் சொன்னார். மாசி மகத்திலிருந்து ஆரம்பித்துக் கையெழுத்து வரைக்கும். உட்கார்ந்தபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு.

தனக்கொடி அரிசி களைந்த தண்ணீரை மெதுவாகக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றினாள். கடைசிச் சொட்டு வரைக்கும்.

"கூட்டத்துல இருந்த இல்ல?"

"இருந்தன்."

"வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

அவர் விரலால் தரையில் ஒரு கோடு இழுத்தார்.

"போயி இப்பச் சொல்லு."

"எவன் நம்புவான்? பழைய எடத்து மேல குப்ப எறங்கிடுச்சி. இருவது அடி நிக்குது. எதக் காட்டிச் சொல்லுவன்?"

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "சாமின்னு நட்டியே, வெறுங்குழியிலயா நட்ட? கீழ இன்னா போட்ட?"

நவதானியமும் காசும் போடாமல் எந்த ஊரிலும் சாமியை நடுவதில்லை. கண்ணையனும் போட்டிருந்தார். அன்றைக்கு இடுப்பில் இருந்த ஒரே காசு. அப்போதுதான் புதிதாக வந்திருந்த இரண்டு ரூபாய்.

அவர் கடப்பாரையை எடுத்தார்.

வேப்பமரத்தடியில் முதல் குத்து விழுந்ததுமே ஆட்கள் கூடிவிட்டார்கள். ராஜ்மோகன் பைக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "சித்தப்பா, இன்னா பண்ற நீ? சாமியத் தோண்டறியா?"

"இது சாமி நின்ன எடம் இல்லடா. வடக்க நின்னுது. நான்தான் கொண்டாந்து நட்டன்."

"கிடங்கு காண்ட்ராக்டர் எவ்ளோ குடுத்தான்?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். "கொழப்பி உடறதுக்குத்தான?"

"மெதுவாக் குத்துயா, சாமிக்கு வலிக்கப் போவுது," என்றது இன்னொரு குரல். சிரிப்பில்லாத சிரிப்பு ஒன்று எழுந்து அடங்கியது.

அவர் நிறுத்தவில்லை. மஞ்சளும் எண்ணெயும் பதினோரு வருஷமாக ஊறிய மண் களிபோல ஒட்டியது. கல் ஒருபக்கம் சாய்ந்தபோது இரண்டு பெண்கள் வாயில் துணியை வைத்துக்கொண்டார்கள். குழிக்குள் கையை விட்டு ஒவ்வொரு பிடி மண்ணாகப் பிசைந்து பார்த்தார். ஆறாவது பிடியில் காசு வந்தது. வேட்டியில் துடைத்து ராஜ்மோகனிடம் நீட்டினார்.

"இந்த எடத்துல பிரெஞ்சுக்காரன் நட்டதுன்றீங்களே. அதுல வருஷம் போட்டிருக்கும், படி."

ராஜ்மோகன் படித்தான். இரண்டாயிரத்துப் பதினொன்று. மறுபடி படித்தான், இந்த முறை வாய்க்குள். காசு கை மாறிக் கை மாறிக் கூட்டத்தைச் சுற்றி வந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பதினோரு வருஷம் தங்களுக்கு விபூதி கொடுத்த கையை ஒவ்வொருவராகப் பார்த்தார்கள்.

கொடி நட்டுக்கொண்டிருந்த கணேஷ்குமார் அங்கே வந்து சேர்ந்தான். காசைப் பார்த்தான், குழியைப் பார்த்தான்.

"அன்னிக்கே சொல்ல வந்தேன் பெரியவரே. மேப்புல கோடு வடக்கதான் இருந்துச்சு. மேப்புப்படி எழுதியிருந்தா இந்த எடம் மொத்தம் உங்களுக்குத்தான்."

"இப்ப மாத்தி எழுதுங்க சார்," என்றான் ராஜ்மோகன். குரலில் பழைய பலம் இல்லை.

"கெசட்ல வந்தாச்சுண்ணே. வேப்பமரத்தடி நாற்பத்தொன்றாம் எண் கல்லுன்னு தெளிவாப் போட்டிருக்கு. கீழ நூத்திப் பன்னெண்டு கையெழுத்து. கல்லு எப்படி இங்க வந்துச்சுன்னு யாரும் கேக்கப் போறதில்ல." அவன் சாய்ந்து கிடந்த கல்லைப் பார்க்காமல் பேசினான். "எல்லைக்கல்லப் புடுங்குறது கேசு. நான் எதையும் பாக்கல. அரை மணி நேரம் கழிச்சு வருவேன். அதுக்குள்ள இருந்த எடத்துலயே நட்டுடுங்க. திங்கக்கிழமை ஜேசிபி வருது. அதுக்கு முன்னாடி எதுனா எடுக்கணும்னா எடுத்துக்கோங்க."

கூட்டம் கலைந்தது. ராஜ்மோகன் எல்லாருக்கும் கடைசியாகப் போனான். போகும்போது காசைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

கல்லை நிமிர்த்த ஒரு கைகூட உதவிக்கு வரவில்லை. கண்ணையன் தோளைக் கொடுத்து நெம்பினார். வழுக்கியது. மறுபடி கொடுத்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நட்ட அதே குழியில், இந்த முறை நடக்கூடாத இடம் என்று தெரிந்தே நட்டு, சுற்றிலும் மண்ணைத் தள்ளி மிதித்தார். 41 தெற்கே பார்த்து நின்றது. முன்பு வடக்கே பார்த்து நின்றதா என்று யோசித்தார், நினைவு வரவில்லை. காசை அவர் உள்ளே போடவில்லை. கல் நிமிர்ந்தபோது விழுந்தது, மண்ணிலேயே கிடந்தது.

தனக்கொடி வந்து நின்றாள். கையில் மண்வெட்டியும், மடித்த ஒரு புதுத் துண்டும். குப்பைமேட்டிலிருந்து பறந்து வந்த பாலித்தீன் பைகள் நொச்சிக் கிளைகளில் மாட்டி, கொக்குகள் அடைந்தது போல ஆடிக்கொண்டிருந்தன.

"எங்க கொண்டு போறது?" என்றார் அவர்.

"ஏரிக்குப் பின்னாடிதான். அதுக்குப் பதிலா குடுத்த எடம் இல்ல?"

"ஐப்பசில தண்ணி நிக்குமேடி."

"நிக்கும்," என்றாள் அவள். நொச்சியின் அடியில் உட்கார்ந்து, முதலில் பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பிறகு மண்வெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். "நீதான வெட்டுன. நீயே வெட்டு."