நிரப்பு மண்

அஸ்திவாரக் குழிக்குள்ளிருந்து மேலே வந்த வாளியில் மண்ணோடு மண்ணாக ஓர் ஓட்டுச் சில்லும், கழுத்து உடைந்த கண்ணாடிப் புட்டி ஒன்றும் கிடந்தன. மேஸ்திரி புட்டியை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். பூமி தானாகப் புட்டி விளைவிப்பதில்லை. பள்ளமாகக் கிடந்த இடத்தை எந்தக் காலத்திலோ யாரோ குப்பையும் கூளமும் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். அப்படி நிரப்பிய மண்ணுக்குப் பிடிமானம் கிடையாது; எப்போது வேண்டுமானாலும் சரியும்.

“என்ன மாமா, புதையலா?” என்று கீழேயிருந்து குரல் கொடுத்தான் மச்சினன். மேஸ்திரியின் மனைவிக்குக் கடைசித் தம்பி அவன். இரண்டு ஆள் ஆழத்தில், கணுக்கால் அளவு சேற்றில், வேறு இருவரோடு நின்று பக்கவாட்டு மண்ணைக் கடப்பாரையால் செதுக்கிக்கொண்டிருந்தான்.

“ஆமா, உன் கல்யாணச் செலவுக்கு எடுத்து வெக்கிறேன். ஓரமா நிக்காத மாப்ளே, நடுவுல வா.”

“நான் நடுவுல நின்னா ஓரத்து மண்ண எங்க அக்காவா வந்து வெட்டுவா?”

கீழே மற்ற இருவரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. குழியின் விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, தரையில் ஒரு வெடிப்பு ஓடியது. காலையில் மயிரிழையாக இருந்தது. இப்போது குனிந்து விரலை வைத்தார். விரல் தடையின்றி உள்ளே போயிற்று.

“எல்லாரும் மேல வாங்கடா! சாமான் கிடக்கட்டும், வாங்க!”

குரலின் நடுக்கமே அவர்களை ஏணியில் ஏற்றிவிட்டது.

இந்த வேலைக்கு விலை பேசிய நாள் மேஸ்திரியின் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. அதற்குச் சற்று முன்புதான் இதே மனையின் முன்பக்கக் குழியை அவர் தம் ஆட்களை வைத்து வெட்டி முடித்திருந்தார். அங்கே வெட்டிய மண் செங்கல் சுவரைப்போல அசையாமல் நின்றது. பின்பக்கக் குழிக்கான தொகையை எழுதும்போது, மண் சரிந்தால் பலகை அடித்து முட்டுக்கொடுக்கவும், ஊற்று கண்டால் இறைக்கவும் சேர்த்து, எதிர்பாராத செலவு என்று ஒரு வரி போட்டிருந்தார். ஒப்பந்தக்காரர் அந்த வரியில் பேனாவை நிறுத்தினார்.

“எதிர்பாராத செலவுன்னா, என்னய்யா எதிர்பாக்குற?”

“அது தெரிஞ்சா ஒரு பேரு வெச்சே எழுதியிருப்பேனே சார்.”

“பேரில்லாத புள்ளைக்கு யாருய்யா சோறு போடுவா? இன்னொருத்தன் இந்த வரி இல்லாமலே எழுதிக் குடுத்திருக்கான்.”

“எலிகூட வளை தோண்டுறப்போ தப்பிக்கிற வாசலையும் சேத்துத்தான் சார் தோண்டுது.”

“அதான் அது இன்னும் வளையிலயே கிடக்கு.”

அறையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். வேலை கைநழுவிவிடுமே என்ற கவலையில், மேஸ்திரி முன்பக்கத்து மண்ணை நினைத்துக்கொண்டார். “மண்ணு நல்ல மண்ணுதான் சார்” என்று சொல்லி, தம் கையாலேயே அந்த வரியை அடித்தார். முன்பக்கத்தைப் பார்த்துப் பின்பக்கத்துக்கு ஜாமீன் நின்றுவிட்டார்.

ஆட்கள் குழியைவிட்டு ஏறிவிட்ட செய்தி கேட்டு வந்த ஒப்பந்தக்காரர், வெடிப்புக்கு எட்டாத தூரத்திலேயே நின்றுகொண்டார்.

“ஆளுங்க ஏன் வெளிய உக்காந்திருக்காங்க?”

“நிரப்பு மண்ணு சார். முட்டு இல்லாம இறங்க முடியாது. ஒரு லோடு பலகை போதும்.”

“ஆத்திர அவசரத்துக்குன்னு ஓனர் எனக்கும் ஒதுக்கித்தான் குடுத்தாரு. முன்வாசப் படிக்குப் பளிங்கு வேணும்னு அவங்க வீட்டம்மா ஆசப்பட்டாங்க, அதுல போயிடுச்சு. நான் எங்க போவேன்? ஆமா, மண்ணு நல்ல மண்ணுன்னு சொன்னது யாரு?”

மேஸ்திரி வெடிப்பைக் கையால் காட்டினார்.

“சாயங்காலத்துக்குள்ள அடிமட்டம் வரணும். முடியாதுன்னா சொல்லு, வேற செட்டு இறங்கும். உங்க வாரக் கூலிய அப்புறம் பேசிக்கலாம்.”

முன்னே போனால் முட்டும், பின்னே வந்தால் உதைக்கும். வெளியே உட்கார்ந்திருந்த ஆட்கள் மேஸ்திரியின் முகத்தையே பார்த்தார்கள்.

அந்நேரம் பக்கத்துக் கட்டடத்துக்காரர் மடித்துவிட்ட சட்டைக் கையோடு விறுவிறுவென்று வந்தார். “யாருய்யா இங்க பொறுப்பு? எங்க காம்பவுண்டுச் சுவத்துல விரிசல் விட்டிருக்கு. இப்பவே வக்கீலப் பாக்கப் போறேன். வேலைய நிறுத்தி வெக்கலன்னா ஏன்னு கேளுங்க.”

ஒப்பந்தக்காரரின் முதுகு தானாக வளைந்தது. “ஐயோ, வக்கீல் எதுக்கு சார்? நான் எதுக்கு இருக்கேன்?” என்றபடியே கைப்பேசியை எடுத்தார். “ஒரு லோடு பலகை, நல்ல முட்டுக்கட்டை. உடனே வேணும். விலையப் பத்திப் பேசாத, அனுப்பு.”

மச்சினன் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். “மாமா, பலகை வருது! பக்கத்து வீட்டுச் சுவருக்கு இருக்கிற வாய் நமக்கு இல்லாமப் போச்சே!”

மேஸ்திரி குழியை ஒருமுறை சுற்றி வந்து அளந்து பார்த்தார். லாரி வந்து நின்றபோது, எந்தப் பலகை குழியின் எந்தப் பக்கம், எந்தக் கட்டை எதற்குக் குறுக்கே என்று மனத்துக்குள் அடுக்கி முடித்திருந்தார். முதல் பலகையைத் தாமே தோளில் சுமந்து குழியோரம் இறக்கினார்.

“அங்க இல்லய்யா, சுவத்துக்கு!” என்றார் ஒப்பந்தக்காரர்.

“சார், பாதியையாவது குழிக்கு...”

“சுவரு நீளத்தப் பாத்தியா? மிச்சம் இருந்தா எடுத்துக்க.”

மிச்சம் இருக்கவில்லை. சுவருக்கும் குழிக்கும் நடுவே இருந்தது குறுகலான ஒரு மண்திட்டு. கட்டைகளின் தலையைச் சுவரில் பொருத்தியபோது, கால்கள் சாய்வாக வந்து வெடிப்புக்கு அப்பால், குழியின் விளிம்பிலேயே ஊன்றின.

“சார், சுவத்தோட பாரமெல்லாம் இப்ப குழியோரத்துல இறங்குது. கீழ நிக்கிறவன் தலைமேலதான் வரும்.”

“அப்ப சீக்கிரமா வேலைய முடிங்க.”

யாரும் அசையவில்லை. மச்சினன்தான் தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டு ஏணிப்பக்கம் நடந்தான். மேஸ்திரி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“உங்க அக்காகிட்ட என்னால பதில் சொல்ல முடியாது. நீ ஏணியப் புடி.”

“மாமா, நீங்க கடப்பாரை தொட்டு எத்தன வருஷமாச்சு...”

“புடிடான்னா புடி. கைய எடுக்காத.”

அவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். கால் சேற்றில் பதிந்ததும் வெளிச்சம் குறைந்தது. ஈரமண் நாற்றம் முகத்தில் அடித்தது. மேலே பக்கத்துக் கட்டடத்துக்காரர் சுவரை உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்க்கும் ஓசை கேட்டது.

“இந்த ஆப்ப மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொல்லுங்க.”

“இறுக்கிட்டாப் போச்சு சார்.”

மேலே ஆப்பின்மீது சம்மட்டி அடி விழுந்தது. மேஸ்திரி கடப்பாரையை ஓங்கினார். ஓங்கிய கையின்மேல் ஒரு பிடி மண் உதிர்ந்தது.