எல்லோருக்கும் ஒரே வாளை

அந்த ஆற்றில் முதன்முதலாக வாளை பிடித்த எல்லோருக்கும் அந்தக் காலையைப் பற்றி ஒரே ஞாபகம்தான் இருந்தது. அது அவர்களில் யாருடைய ஞாபகமும் இல்லை. இந்த விஷயம் வெளியே தெரியப் பல வருடங்கள் ஆயின. தூண்டில்காரர்கள் வாய் கூசாமல் பொய் சொல்வார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. விரல் நீள மீனைக் கை நீளம் என்பார்கள், கை நீள மீனை ஆள் நீளம் என்பார்கள். அதனால் இரண்டு பேர் ஒரே கதையைச் சொன்னால், ஒருவன் மற்றவனிடமிருந்து சுட்டுவிட்டான் என்றுதான் கேட்பவர்கள் நினைத்துக்கொண்டார்கள். வாளையும் லேசில் அகப்படுகிற மீன் இல்லை. செதில் கிடையாது. கத்தியால் கிழித்தது போல அகன்ற வாய், வாயோரம் இரண்டு நீள மீசை, உடம்பு முழுக்க ஈயம் பூசினது போல ஒரு மினுக்கம். மடுவின் அடியில் கிடக்கும். தூண்டில் முள்ளை விழுங்கினாலும் நரம்புக் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விடும். அதைக் கரையேற்றியவர்களுக்கு அதன் பிறகு ஊரில் ஒரு தனி மரியாதை. அந்த மரியாதைக்கு ஆதாரம் அவர்கள் சொல்கிற கதைதான் என்பதால் அதை யாரும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சலூனில் பள்ளிக்கூட மணியடிப்பவர் முகம் முழுக்க நுரையோடு தன் முதல் வாளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் காத்திருந்த குழாய் ரிப்பேர்காரர் எழுந்து, “யோவ், அது என் கதைய்யா!” என்றார். கைகலப்பு ஆகிவிடும் போல இருந்தது. சலூன்காரர் வாழ்க்கையில் தூண்டிலைத் தொட்டதில்லை. அதனாலேயே அவருடைய மண்டை தெளிவாக வேலை செய்தது. ஒருவரைத் தெருவில் நிறுத்திவிட்டு மற்றவரிடம் கேட்டார், பிறகு ஆளை மாற்றிக் கேட்டார். இருவரும் சொன்னது ஒன்றுதான். பனிமூட்டம், காலடியில் வழுவழுப்பான பாறை, கணுக்கால் வரை குளிர்ந்த தண்ணீர். தூண்டில் கோலைப் பிடித்திருந்த விரல்களில் இரும்பும் எண்ணெயும் கலந்த வாடை. இடது கட்டைவிரல் நகம் நெடுக்காகப் பிளந்திருந்தது. வெள்ளைச் சட்டை, அதில் ஒரு பொத்தான் மட்டும் சிவப்பு. நரம்பு விறைத்ததும் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம். இரண்டு பேருமே, தங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை என்றார்கள். பிறகு முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், “ஏங்க, போதும். வாங்க வீட்டுக்கு” என்றது. அவர்கள் திரும்பினார்கள். அதோடு சரி. அடுத்து ஞாபகம் இருப்பது, வாளை கரையில் கிடந்து வாயைப் பிளப்பதுதான். சலூன்காரர் இருவருடைய கட்டைவிரல்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நகங்கள் சரியாக இருந்தன. குழாய் ரிப்பேர்காரர் தன் பிறப்பிலேயே வெள்ளைச் சட்டை போட்டதில்லை. அந்த வாரம் முழுக்க சலூன்காரர் கத்தரியும் கையுமாக வாளை பிடித்த ஒவ்வொருவரையும் விசாரித்தார். எல்லோரும் அதே பாறையில்தான் நின்றிருந்தார்கள்.

சலூன்காரரின் மனைவி இதைத் தையல்காரியிடம் பேச்சுவாக்கில் சொன்னாள், மகளின் சீருடையைப் பிரித்து நீளமாக்கக் கொடுக்கப் போன இடத்தில். சிவப்புப் பொத்தான் என்றதும் தையல்காரி மிதிப்பலகையிலிருந்து காலை எடுத்துவிட்டாள். மெஷின் நிற்கவில்லை. துணியைக் கடைசி வரை தைத்துத் தள்ளிவிட்டு, துணி முடிந்த பிறகும் வெறுங்காற்றைத் தைத்துக்கொண்டிருந்தது.

தையல்காரியின் புருஷன் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். மகள் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்த காலத்தில் ஒரு விடிகாலை தூண்டிலை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை. முந்தின நாள் இருவருக்கும் சண்டை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவளுடைய தங்கை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தவர், அதை மறந்துவிட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தார். “உங்க தூண்டில்ல பாசிதான் மாட்டும், போங்க, அங்கயே இருந்துக்கோங்க” என்று அவள் சொன்னாள். காலையில் அவர் கதவைத் தட்டி, “போய்ட்டு வரேன்” என்றபோது உள்ளேயிருந்து பதில் சொல்லவில்லை. மடுவில் ஆள் இறங்கித் தேடினார்கள். செருப்புகூடக் கிடைக்கவில்லை. யாரோ அவரை வெளியூர் பஸ்ஸில் ஒரு பெண்ணோடு பார்த்ததாகச் சொன்னார்கள். சொன்னது யார் என்று கடைசி வரை தெரியவில்லை, ஆனால் ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. ஓடிப்போனவன் பெண்டாட்டி என்கிற பேரோடு அவள் அத்தனை வருடமும் அந்த ஊருக்கே சட்டை தைத்துக் கொடுத்து, மகளைப் படிக்கவைத்தாள். மகள் இப்போது மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். சிவப்புப் பொத்தான் தைத்தவளும் தையல்காரிதான். சண்டைக்கு முன்னால், வெள்ளைப் பொத்தான் தீர்ந்துபோனதால்.

அதன் பிறகு தூண்டில்காரர்கள் ஒவ்வொருவராக அவள் வீட்டுக்கு வந்து, வெட்டுமேசைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, அவளுடைய புருஷனின் ஞாபகத்தை அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். அவர் அந்தக் காலையில் கோபமாக இருந்தாரா என்று கேட்டாள். இல்லை, சந்தோஷமாக இருந்தார் என்று எல்லோருமே சொன்னார்கள். அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. அவளை அரித்தது அந்தக் குரல்தான். அவள் அன்று ஆற்றுப்பக்கமே போகவில்லை. அப்படியென்றால் அவரை ‘ஏங்க’ என்று கூப்பிட்டவள் எவள்? மணியடிப்பவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். “அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க குரல் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. கொஞ்சம் வயசான குரல். கம்மிப்போன குரல்.” பஸ்ஸில் பார்த்ததாகச் சொல்லப்பட்ட பெண்ணுக்குத் தையல்காரி அன்றிலிருந்து மனதுக்குள் கம்மிய குரலையும் கொடுத்து வெறுத்துவந்தாள்.

சில வருடங்கள் கழித்து அவள் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை, ஆனால் அவளுடைய பழைய குரல் கட்டியோடு போய்விட்டது. தைத்த சட்டையை வாங்க வந்த மணியடிப்பவரிடம், “இன்னும் பொத்தானுக்குக் காஜா எடுக்கல, நாளைக்கு வாங்க” என்றாள். மணியடிப்பவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “இதுதான் அக்கா,” என்றார். “இந்தக் குரல்தான்.”

கூப்பிட்டது வேறு எவளும் இல்லை, தான்தான் என்று தெரிந்ததும் அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுப்படிக்குள் போய்த் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அது பயமாக மாறிவிட்டது. அவர் வழுக்குப்பாறையில் நின்றிருந்தார். குரல் கேட்டுத் திரும்பினார். திரும்பியதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை. தன் குரல்தான் அவரைத் தண்ணீரில் தள்ளியிருக்கிறது என்று அவள் முடிவு செய்தாள். இன்னும் கூப்பிடவில்லை, இனிமேல்தான் கூப்பிடப்போகிறேன் என்றால், கூப்பிடாமலே இருந்துவிடுவது என்றும் முடிவு செய்தாள். அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. சொல்லவேண்டியதை வெட்டுமேசையில், துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் எழுதிக் காட்டினாள். வாடிக்கையாளர்கள் பழகிக்கொண்டார்கள். மகளுக்குத்தான் பழகவில்லை. “பேசாம இருந்தா அவர் எந்திரிச்சு வந்துடுவாராம்மா? எனக்கு இருக்கறது நீ ஒருத்தி. உன் குரலும் எனக்கு வேணாமா?” என்று அழுதாள். தாய் மேசையைத் துடைத்துவிட்டு எழுதினாள்: சாப்பிடு.

அந்த மௌனத்தின்போது தன் முதல் வாளையைப் பிடித்தது பேக்கரிக்காரி. அவளுக்கும் அதே ஞாபகம்தான் வந்தது, ஆனால் முடிவு மாறியிருந்தது. பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. வாளை இழுக்கிறது, கோலை விட மனமில்லாமல் அந்த மனிதர் பாறையிலிருந்து இறங்கி அதன் பின்னாலேயே நடக்கிறார். முழங்கால், இடுப்பு, மார்பு. முகம் நிறையச் சிரிப்போடு நடக்கிறார். அவள் சொல்லி முடிப்பதற்குள், ஏற்கனவே வாளை பிடித்திருந்தவர்களின் ஞாபகங்களும் அதே போல மாறிவிட்டது தெரிந்தது. குழாய் ரிப்பேர்காரர் வேலை செய்யும் இடங்களில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மணியடிப்பவர் ஒரு நாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கயிற்றைப் பிடித்தபடி நின்று வாயை மட்டும் திறந்து திறந்து மூடினார். உள்ளேயிருந்து கலங்கல் தண்ணீர் வந்தது, ஒரு இழை பாசியும் வந்தது. பிள்ளைகள் மணி அடிக்கும் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, தாங்களே வீட்டுக்குப் போனார்கள்.

எல்லோரும் சேர்ந்து தையல்காரியின் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பேக்கரிக்காரிதான் பேசினாள். “அக்கா, உங்க குரல் அவரைத் தள்ளல. நிறுத்துச்சு. இப்ப நிறுத்த ஆளில்லாம நடந்து போய்ட்டே இருக்கார். நேத்து கழுத்து வரைக்கும் வந்துடுச்சு.” தையல்காரி கையிலிருந்த சாக்பீஸை வாசற்படியில் வைத்தாள். பிறகு கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் ஆற்றங்கரையில் பனி கையால் ஒதுக்கவேண்டிய அளவுக்கு இருந்தது. வெறுமனே கூப்பிட்டால் தண்ணீருக்குத்தான் கேட்கும், நரம்பின் மறுமுனையில் வாளை இருந்தால்தான் அவருக்குக் கேட்கும் என்று மணியடிப்பவர் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. தன் கோலையே அவளிடம் கொடுத்தார். தையல்காரி தூண்டிலைப் பிடிப்பது அதுதான் முதல் தடவை. வீசினாள், முள் பின்னால் நின்ற சலூன்காரரின் சட்டைக்காலரில் மாட்டியது. “அக்கா, நான் வாளை இல்ல,” என்றார் அவர். கூட இருந்தவர்கள் பயத்தை மறந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மறுபடி வீசினாள், மறுபடியும் வீசினாள். வெயில் ஏறுவதற்குச் சற்று முன்னால் நரம்பு விறைத்தது. கோல் வளைந்து அவள் வயிற்றில் அழுந்தியது. கை இரண்டும் தோளிலிருந்து கழன்றுவிடும் போல இழுத்தது.

பனி கொஞ்சம் விலகியது. அங்கே இருந்த எல்லோரும் பார்த்தார்கள். நரம்பின் மறுமுனை வாளையைத் தாண்டி, அந்தப் பழைய காலைக்குள் போயிருந்தது. தூரத்தில், கழுத்து வரை தண்ணீரில், ஒரு ஆள் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோலைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி மடுவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. தண்ணீர்கூட அவரைச் சுற்றி அசையவில்லை. அவருடைய முகவாய் நனைவதைப் பேக்கரிக்காரி தன் முகவாயில் உணர்ந்தாள். தூண்டில்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

தையல்காரி வாயைத் திறந்தாள். மாதக்கணக்கில் பேசாத தொண்டையிலிருந்து முதலில் காற்றுதான் வந்தது. இரண்டாம் முறை குரல் வந்தது. “ஏங்க,” என்றாள். “போதும். வாங்க வீட்டுக்கு.”

அவர் திரும்பினார். அவள் நரம்பைக் கத்தரியால் வெட்டினாள். மடுவுக்குள் ஏதோ ஒன்று பெரிதாகப் புரண்டு கீழே போனது. அவர் தண்ணீரை விலக்கிக்கொண்டு நடந்துவந்து பாறையில் ஏறினார். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. போனபோது என்ன வயதோ அதே வயது. கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, நரைத்த தலையோடு கோலைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தார்.

“நல்ல வாளைம்மா, விட்டுட்டீங்களே,” என்றார். “நீங்க யாரு?”

அவள் கோலை மணியடிப்பவரிடம் திருப்பிக் கொடுத்தாள். “குளிருது, நடங்க” என்று மட்டும் சொன்னாள். அவர் முன்னால் நடந்தார், வழி அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் ஒரு ஆள் தூரம் விட்டுப் பின்னால் நடந்தாள். வழியில் இருந்த புதுக் கட்டடங்களையெல்லாம் அவர் முகத்தைச் சுளித்துப் பார்த்தபடி போனார், யாரோ பொருட்களை இடம் மாற்றி வைத்துவிட்ட வீட்டுக்குள் நுழைந்தது போல. வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். மகள் திறந்தாள். அம்மாவின் அதே நெற்றி, அதே கண், கிட்டத்தட்ட அம்மாவின் அந்த நாளைய வயது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“கோபம் போயிடுச்சா?” என்றார்.

மகள் அவரைப் பார்த்தாள், பிளந்த நகத்தைப் பார்த்தாள், அவர் தோளுக்கு மேல் தெருவைப் பார்த்தாள். “அப்பா,” என்றாள், “அம்மா உங்களுக்குப் பின்னாடி நிக்கிறாங்க.”

அவர் அன்று இரண்டாம் முறையாகத் திரும்பினார். இந்த முறை ரொம்ப நேரம் பார்த்தார். தையல்காரி தலைமுடியைச் சரிசெய்யக் கையைத் தூக்கி, பாதியில் விட்டுவிட்டாள். “போயிடுச்சு,” என்றாள். “எப்பவோ போயிடுச்சு. உள்ள வாங்க.”

முதல் சில வாரங்கள் அவர் படுக்கிற இடம் ஈரமாகவே இருந்தது, பாயை மாற்றினாலும் ஈரமாயிற்று. பிறகு அதுவும் காய்ந்தது. பூட்டுக்கடையைத் திறந்தார். புதுவகைப் பூட்டுகளைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டார். மனைவியை அவர் சில நாள் மறதியாக ‘அம்மா’ என்று கூப்பிட்டுவிடுவார். அந்த நாட்களில் அவள் மெஷினை வேகமாக மிதிப்பாள், அவர் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார். மகள் கல்யாணம் செய்து, குழந்தை பெற்று, கண்ணாடி போட்டு, அப்பாவைவிட மூத்தவளாகிவிட்டாள். அவருக்கு வயது ஏறத்தான் செய்தது, ஆனால் கோடைக்கால ஆற்றின் வேகத்தில், மெதுவாக ஏறியது. தூண்டில்காரர்களின் தலையிலிருந்து அந்தக் காலை போய்விட்டது. இப்போது யாராவது முதல் வாளை பிடித்தால் அவரவர் ஞாபகம்தான் மிஞ்சுகிறது: கொசுக்கடி, மரத்துப்போன கால், கை நடுக்கம். மணியடிப்பவருக்குத் தன் சொந்த ஞாபகம் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்தச் சந்தோஷம் இல்லாமல் சாயங்காலங்கள் நீளமாக இருக்கின்றன என்று சலூனில் சொல்லிக்கொண்டிருந்தார். தையல்காரியிடம் அவளுடைய முதல் வாளையைப் பற்றிக் கேட்டால், “கை வலிச்சுது” என்பாள்.

ஊர் இரண்டு பருவம் இதைப் பேசியது, பிறகு வேறு பேச்சு வந்தது. ஒரு நாள் காய்கறிக்கடைக்குப் புதிதாக வந்த ஆள், பையைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றவரைக் காட்டி, “பையனாம்மா?” என்று கேட்டான். “வீட்டுக்காரர்,” என்றாள் அவள். கடைக்காரன் ஒரு நொடி அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். பிறகு தராசைச் சரிசெய்துகொண்டு, வெங்காயம் எவ்வளவு போடட்டும் என்று கேட்டான்.