மீன் மட்டும் பேசாத புத்தகம்

தொழிற்சாலையில் அவளுக்குப் 'பட்டன்காரி' என்று பேர். பேசும் புத்தகம் செய்கிற இடம் அது. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் படத்திலுள்ள பிராணியின் பேரை ஒரு பெண் குரல் சொல்லும். எட்டுப் பட்டனையும் அழுத்திக் கேட்டு, சரியென்றால் பச்சை ஸ்டிக்கர், கோளாறென்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் பட்டன்காரியின் வேலை. நாலு மாதமாக மடகாஸ்கர் தீவில் பேசும் மலகாசி மொழிக்கான ஆர்டர். மடகாஸ்கர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். ஆனால் அந்த ஊர் நாயும் பூனையும் அவளுக்கு அத்துப்படி. நாய் அலிகா, பூனை சாக்கா, கோழி அகூஹு, வாத்து கானா, குதிரை சுவாவலி, பாம்பு பிபிலாவா, பறவை வூருனா, மீன் ட்ருன்ட்ரு. ஒரு நாளைக்கு அறுநூறு புத்தகம். பல் தேய்க்கும்போதுகூட அலிகாதான் வாய்க்குள் ஓடியது.

வீட்டிலோ அவள் மகளுக்கு நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது. ஆனால் அம்மா என்றுகூட இதுவரை கூப்பிட்டதில்லை. தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சொல்வதற்கு என்ன, சும்மாதானே. இவளும் 'இது நாய், இது பூனை' என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்தாள். ஒரு நாள் கொஞ்சலாக, ஒரு நாள் கெஞ்சலாக, ஒரு நாள் கோபமாக. பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் மீன் பட்டன் மட்டும் ஊமையான ஒரு லாட் வந்தது. இருநூறு புத்தகம், அத்தனையும் சிவப்பு, அரைக்கும் மெஷினுக்குப் போக வேண்டியவை. அதில் ஒன்றைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கம்பெனிப் பொருள் ஒரு திருகாணி வெளியே போனாலும் வேலை போய்விடும். 'எல்லாம் அரைத்தாயிற்று' என்று எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது சூப்பர்வைசர். அந்தச் சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, இவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. இந்த வேலையை வாங்கிக் கொடுத்த புண்ணியவதியும் அவளேதான்.

புத்தகம் வந்த மூன்றாவது வாரம், ஜன்னலுக்கு வெளியே போன நாயைப் பார்த்துப் பிள்ளை "அலிகா" என்றது.

பட்டன்காரிக்கு சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே வயிறும் எரிந்தது. நாலு வருஷம் பெற்றவள் கத்தியதற்குத் திரும்பாத பிள்ளை, முகம் தெரியாத எவளோ ஒருத்தியின் குரலுக்குத் திரும்பிவிட்டதே. இதை யாரிடம் போய்ச் சொல்வது? புத்தகம் எங்கிருந்து வந்தது என்றுதானே முதலில் கேட்பார்கள். கணவன் லாரியில் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவான். வந்தவன் ஒரு தடவை கேட்டுவிட்டு, "என்னமோ உளறுது" என்று குளிக்கப் போய்விட்டான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பிள்ளையின் பேச்சைப் பரிசோதிக்கும் நாளும் வந்தது. 'ஒரு வார்த்தையும் இல்லை' என்று எழுதிவிட்டால் பிள்ளை பேச்சு வராத குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். ஆறு மணி நேரப் பயணம், மாதம் ஒரு முறை பார்க்கலாம். விடுதிக்கான விண்ணப்பத்தை நாத்தனார் முன்கூட்டியே வாங்கிப் பையில் வைத்திருந்தாள். லீவு போட்டு அவளும் கூட வந்திருந்தாள். எதையும் பாதியில் விடுகிற ஆளில்லை.

பேச்சு டாக்டரம்மா மேஜையில் ஒரு படத்தை வைத்தாள். "இது என்ன கண்ணு?"

"அலிகா."

தாளில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. பூனைக்கு "சாக்கா." பெருக்கல். பறவைக்கு "வூருனா." பெருக்கல்.

"சத்தம் வருது. ஆனா அர்த்தமில்லாத சத்தம்," என்றாள் டாக்டரம்மா.

முதல் அலிகாவிலேயே நாத்தனாரின் முதுகு நிமிர்ந்திருந்தது. நாலு மாதமாக அவளும் அதே கூடத்தில்தானே நிற்கிறாள். பட்டன்காரி அவளைப் பார்க்காமல் சொன்னாள்.

"அது உளறல் இல்லைங்க. மலகாசி மொழி. எங்க கம்பெனில செய்யற புத்தகத்துல இருக்கு. கழிச்சுப் போட்டதுல ஒண்ண நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்."

"அந்தப் புத்தகத்துல இருக்கற எல்லாப் படத்துக்கும் பேரை எழுதிக் கொடுங்க," என்றாள் டாக்டரம்மா. "கொடுத்துட்டு சுவரைப் பாத்து நில்லுங்க."

எட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றாள். முதுகுக்குப் பின்னால் பிள்ளையின் குரல் ஒவ்வொன்றாக வந்தது. சுவாவலி. கானா. பிபிலாவா. ஏழு முடிந்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"மீனுக்கு வாயை இறுக்கி மூடிக்கிட்டா," என்றாள் டாக்டரம்மா. "ஏழு நீங்க எழுதினதோட ஒத்துப்போகுது. ஆனா இது மலகாசின்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? குழந்தை வழக்கமா போடற சத்தத்தையே நீங்க எழுதியிருக்கலாம். வார்த்தைன்னா உங்களைத் தவிர இன்னொருத்தருக்காவது புரியணும்."

அந்த அறையில் புரிந்த இன்னொருத்தி நாத்தனார்தான். அவள் வாய் திறந்தால் அவள் கையெழுத்துப் பொய் என்றாகும். பட்டன்காரி திரும்பி அவளைப் பார்த்தாள். கேட்கத் துணிவில்லை.

நாத்தனார் மடியிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தாள். "ஏழும் சரிங்க. மீனும் சரி."

"மீனுக்கு ஒண்ணும் சொல்லலையே."

"அந்த லாட்ல மீன் பேசாது. பட்டன் வேலை செய்யாது. அதனாலதான் கழிச்சோம். எல்லாத்தையும் அரைச்சாச்சுன்னு கையெழுத்துப் போட்டது நான்தான்."

டாக்டரம்மா வேறு தாள் எடுத்து, 'ஏழு வார்த்தை' என்று எழுதினாள்.

வெளியே, மீன் தொட்டிக்கு எதிரே இருந்த பெஞ்சில், நாத்தனார் கையை நீட்டினாள். "கம்பெனி பாஸைக் குடு. நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்."

"அண்ணி, உங்களுக்கு?"

"நானே போய்ச் சொல்லிடறேன். அப்புறம் அவங்க இஷ்டம். புத்தகத்தையும் இன்னைக்கே குடுத்துடணும்." நீட்டிய கையை மடக்காமல், "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.

பட்டன்காரி பாஸைக் கழற்றிக் கொடுத்தாள். புத்தகம் போய்விட்டால் பிள்ளை மறுபடியும் ஊமையாகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

பிள்ளை தொட்டிக் கண்ணாடியில் ஒரு மீனின் மேல் விரலை வைத்து அழுத்தியது. சத்தம் வரவில்லை. காத்திருந்தது. பிறகு திரும்பி வந்து, அதே விரலை அம்மாவின் கன்னத்தில் வைத்து அழுத்தியது.

ட்ருன்ட்ரு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"மீன்," என்றாள்.

பிள்ளை முகத்தைத் திருப்பவில்லை. மறுபடி அழுத்தியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் குரல் மாறக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். பட்டனுக்குக் கொஞ்சலும் கிடையாது, கோபமும் கிடையாது.

"மீன்," என்றாள், முதல் தடவை சொன்ன மாதிரியே.

பஸ்ஸுக்கு எழுந்த நாத்தனார் திரும்ப உட்கார்ந்துகொண்டாள். விரல் மறுபடி கன்னத்துக்கு வந்தது.