பாலுசாமி இருக்கும் வீடு

தெய்வாத்தாள் கடல் பார்க்க விமானம் ஏறினாள் என்று வெள்ளகோவிலில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். கடலுக்கென்ன, ராமேஸ்வரத்தில் இல்லாத கடலா? அவள் வந்தது ஒரு வீட்டைப் பார்க்க. ஒன்பது வருசமாக போனில் ஒரு வெள்ளைச் சுவரும், அதில் தொங்கும் காலண்டரும், முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் புருசனுமாக மட்டுமே தெரிந்த வீடு. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் இன்னொரு வருசத்தைத் தள்ள அவளால் ஆகாது. அதனால்தான் மஞ்சள் காய்ச்சல் ஊசியெல்லாம் போட்டுக்கொண்டு, கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகள் அக்ஷயா எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் கென்யாவுக்கு வந்து இறங்கினாள்.

பாலுசாமி போர்வெல் வண்டியில் டிரில்லர். சொந்தத் தோட்டத்தில் ஆயிரத்து இருநூறு அடி போட்டும் வெறும் புழுதிதான் பறந்தது. அந்த எரிச்சலில் இருந்தவர், திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் வண்டி கப்பலேறியபோது தானும் கூடவே ஏறிவிட்டார். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை வருவார், ஒரு மாசம் இருப்பார், போய்விடுவார். அவர் சம்பாத்தியத்தில் வெள்ளகோவிலில் மாடி வைத்த வீடு எழும்பியது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நோம்பிக்கு வந்த சொந்தக்காரி மாரியாத்தாள் வந்தோமா, பலகாரத்தைத் தின்றோமா என்று போயிருக்கலாம். கை கழுவும்போது, "ஒம்பது வருசமா ஒரு ஆம்பளை தனியாவா சோறாக்கித் திங்கறாரு? எதுக்கும் ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வா அம்மணி" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனாள். அந்த வார்த்தை தெய்வாத்தாளை நாலு மாசம் தூங்கவிடவில்லை.

வந்த இடத்தில் பாலுசாமி அவளை வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. நேராகக் கடலோரத்து ரிசார்ட் ஒன்றில் கொண்டுபோய் இறக்கினார்.

"ஆறு நாளைக்கு எல்லாம் சும்மாதான் புள்ள. முன்னால ரண்டு பேரு போர் போட்டு உப்புத்தண்ணியாப் போச்சு. நாம போட்டது நல்லதண்ணி. அந்தச் சந்தோசத்துல மேனேசரு, சம்சாரம் வந்தா இங்கதான் தங்கோணும்னு சொல்லிப்போட்டாரு."

அது பொய்யில்லை. தோட்டக்காரர் முதல் சமையல்காரர் வரைக்கும் அவரைக் கண்டதும் 'ஃபுண்டி' என்று கூப்பிட்டுக் கை கொடுத்தார்கள். கைதேர்ந்த மேஸ்திரி என்று அர்த்தமாம். ஓலை வேய்ந்த கூரை, கொசுவலை கட்டிய கட்டில், நாலு பேர் உருளலாம் அவ்வளவு அகலம். வாசலிலிருந்து பத்தடி நடந்தால் மாவு போல வெள்ளை மணல். சாப்பாட்டில் தேங்காய்ப்பால் விட்டு வேகவைத்த பயறும் சப்பாத்தியும் இருந்தன. தெய்வாத்தாளுக்கு நாக்குக்கு ஒத்துவந்தது. ஒத்துவராதது மனசுதான்.

இந்த மனுசன் என்ன செய்கிறார் என்று அவள் கண் அவர் பின்னாலேயே போனது. குளியலறையில் தினம் வைக்கிற குட்டி சோப்பைப் பிரிக்காமல் பைக்குள் போட்டார். டீத்தூள் பொட்டலம், சர்க்கரைப் பொட்டலம் எல்லாம் பைக்குள் போயின. மூன்றாம் நாள் கைக்குப் பூசுகிற கிரீம் டப்பியும் போனது. பாலுசாமி தன் கைக்குத் தேங்காயெண்ணெய் கூடத் தடவாத ஆள். பிறகு யாருக்கு? போதாக்குறைக்கு, மத்தியானம் கண்ணயரும்போது அத்தனை பெரிய கட்டிலில் ஒரு ஓரமாக, கையைக் காலை ஒடுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தார். நம்மைத் தொடக்கூடப் பிடிக்கவில்லையா என்று தெய்வாத்தாள் கண் மூடாமல் கிடந்தாள்.

கடலோரம் நடக்கும்போது கேட்டுவிட்டாள். "ஏனுங்க, உங்க ஊட்டைப் பாக்கோணுமுங்க."

"அது கம்பெனி ஊடு. பாக்க என்ன இருக்குது? அங்க பாரு, தண்ணி எத்தனை தூரம் உள்ள போயிருச்சு."

மறுபடி கேட்டதற்கு, வேட்டியை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

நாலாம் நாள் காலையில் அவர் குளிக்கப் போன நேரத்தில் பையைப் பிரித்துக் கட்டில்மேல் கொட்டினாள். சோப்பு, டீத்தூள், சர்க்கரை, கிரீம். ஒரு குடித்தனத்துக்கே ஆகும். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றார்.

"இந்தக் கிரீமு யாருக்குங்க?"

"அங்க இருக்கறவியளுக்கு."

"இருக்கறவிய யாருங்க?"

பாலுசாமி துண்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். தெய்வாத்தாள் தன் பெட்டியை இழுத்து வாசலில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு உங்க ஊட்டுக்குப் போறம். இல்லாட்டி நான் ஏர்ப்போர்ட்டுக்குப் போறனுங்க. ஊர்ல போயி என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியும்."

அவர் வண்டிக்குச் சொல்லியனுப்பினார்.

இரண்டு மணி நேரம் உள்நாட்டுக்குப் போனார்கள். கடல் மறைந்து, தென்னை மறைந்து, செம்மண்ணும் முள்ளுமரமும் மேய்கிற ஆடுகளுமாக, காங்கேயத்தைத் தாண்டிய மேட்டுக்காடு போலவே இருந்தது. தெய்வாத்தாள் மனசுக்குள் ஒரு பெண்ணுக்கு முகம் வைத்து, சேலை கட்டிவிட்டு, கையில் ஒரு குழந்தையையும் கொடுத்து முடித்திருந்தாள். அவளைப் பார்த்ததும் என்ன கேட்பது என்பதுதான் பாக்கி.

வண்டி நின்ற இடத்தில் வீடே இல்லை. போர்வெல் லாரி ஒன்று, அதன் பக்கத்தில் கப்பலில் சரக்கு ஏற்றுகிற இரும்புப் பெட்டி ஒன்று. அதன்மேல் வெயிலுக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தது. வெளியே அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் ஐந்து ஆம்பளைகள் எழுந்து அவசரமாகச் சட்டையைத் தேடினார்கள்.

உள்ளே கால் வைத்தாள். சூடு முகத்தில் அடித்தது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஜோடி இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றும் ஒரு பலகை அகலம். கொடியில் லுங்கிகள். எத்தனை தேடியும் பொம்பளை வாசமே இல்லை. கடைசிக் கோடியில் துருப்பிடித்த இரும்புச் சுவரின் நடுவே, ஒரு ஆள் உட்கார்ந்தால் மறைக்கிற அளவுக்கு மட்டும் பளிச்சென்று வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தது. அதில் அவளுக்குத் தெரிந்த காலண்டர் தொங்கியது. முன்னால் அவளுக்குத் தெரிந்த நாற்காலி. பக்கத்தில் ஒரு அட்டையில் ஆறு பேர் பெயரும், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு யார் என்றும் எழுதி ஒட்டியிருந்தது.

பவானிக்காரன் இல்யாஸ்தான் வாயைத் திறந்தான். "அண்ணன்தானுங்க அக்கா பெயிண்ட் வாங்கியாந்து அடிச்சாரு. வருசா வருசம் துரு ஏறிரும், பொங்கலுக்கு முன்னால மறுக்கா அடிப்பாரு, போன மாசம் கூட அடிச்சாரு. நாங்க எங்க ஊட்டுக்குப் போன் போட்டாலும் இந்தச் செவுருதானுங்க. ஆறு பேருக்கும் இதுதானுங்க ஊடு." அவன் கையெல்லாம் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது.

தெய்வாத்தாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த ஆளை ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றும் வந்தது. நாலு மாசம் தான் நினைத்த நினைப்பெல்லாம் ஞாபகம் வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எதுங்க உங்க கட்டலு?"

பாலுசாமி மேல் கட்டிலைக் காட்டினார். ஐம்பத்திரண்டு வயசு. ஏணி கூட இல்லை, கம்பியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும்.

அப்போது பார்த்து அவள் போன் அடித்தது. அக்ஷயா, வீடியோ கால். யாரும் அசையவில்லை. பாலுசாமி சம்சாரத்தின் முகத்தையே பார்த்தார். தெய்வாத்தாள் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள், ஒரு வாளியைக் கவிழ்த்துத் தானும் உட்கார்ந்தாள். வெள்ளை பெயிண்டுக்குள் இரண்டு பேரும் அடங்கத் தோளோடு தோள் நெருக்க வேண்டியிருந்தது.

"அம்மா, அப்பா ஊட்டுக்குப் போயாச்சா? சுத்திக் காட்டும்மா."

இல்யாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"சார்ஜ் இல்ல கண்ணு. ஊடு அடக்கமா நல்லாருக்குது. பொறவு பேசறன்" என்று வைத்துவிட்டாள்.

ஆம்பளைகள் ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள். தெய்வாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஏனுங்க, நானும் ஒண்ணு சொல்லோணும். கிரகப்பிரவேசத்தன்னைக்குப் பூட்டுன மாடி, இன்னும் தொறக்கலீங்க. தனியா அத்தனை பெரிய ஊட்ல என்னத்தைப் பண்றது? சமையக்கட்டுலயே பாயைப் போட்டுப் படுத்துக்குவன். நீங்க போன் போடறப்ப மட்டும் வந்து அந்த சோபாவுல உக்காருவன். சோபாவுக்கு பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கலீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்கோணும்னு துண்டு போட்டு மூடியிருப்பன்."

பாலுசாமி நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார்.

"அங்க மாடி சும்மா கெடக்குது. நீங்க இங்க கம்பியைப் புடிச்சு மேல ஏறிட்டிருக்கறீங்க. இதெல்லாம் யாருக்குங்க?"

வெளியே யாரோ சோறு வடிக்கிற சத்தம் கேட்டது.

"சித்திரையோட காண்ட்ராக்டு முடியுது புள்ள" என்றார்.

"முடிஞ்சா?"

ஒவ்வொரு தடவையும் அவளைக் கேட்காமலே அடுத்த காண்ட்ராக்டுக்குக் கையெழுத்துப் போட்ட மனுசன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பாதி காலியான பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்தார். வாசலுக்குப் போய், சோறு வடித்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டார்.

"இல்யாஸ், இதை நீ வெச்சுக்க. அடுத்த பொங்கலுக்குச் செவுத்தை நீதான் அடிக்கோணும்."